குமரி மாவட்டத்தில் ஒரு அரசியல் த்ரில்லர்: எழுதப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் அரசாங்கத்துக்குள் அந்நிய நாட்டின் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று ஒரு பத்திரிகையாளர் தோண்டிக்கொண்டே போகிறார். இந்தக் கதையை நாகர்கோவில், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று நம் ஊர்களில் வைத்து எழுத ஆசைப்படும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட கதையை டெல்லியில் அல்லவா வைக்க வேண்டும்? குமரி மாவட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்த மண்ணில் அந்தக் கதை பல தடவை நடந்திருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மரின் படை தோற்கடித்தது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அத்தோடு நின்றுவிடும். நாவல் எழுதுகிறவருக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் என்று பெயரெடுத்து, 1777-ல் சாகும்வரை திருவிதாங்கூரிலேயே இருந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம். நேற்றுவரை எதிரியாக இருந்தவனை அரண்மனை எந்தத் துணிவில் நம்பியது? அவனைச் சந்தேகப்பட்டவர்கள் யார்? இதை மட்டும் வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

அடுத்தது ரெசிடென்ட் காலம். திருவிதாங்கூர் அரசவையில் பிரிட்டிஷ் கம்பெனியின் ஆளாக ஒரு ரெசிடென்ட் இருப்பார். ராஜாவுக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலை. 1805 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த ஆலோசனையை மீற ராஜாவால் முடியவில்லை. கம்பெனிப் படையை வைத்துக்கொள்ளும் செலவும் ராஜ்ஜியத்தின் தலையில் விழுந்தது. அந்த ஒப்பந்தக் காலத்தில் தளவாயாக, அதாவது ராஜாவின் முதன்மை மந்திரியாக இருந்தவர் நம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி. அதே வேலுத்தம்பிதான் சில வருஷங்களில் ரெசிடென்ட் மெக்காலேயை எதிர்த்துக் கிளம்பி, 1809 ஜனவரியில் குண்டறையில் பிரகடனம் வெளியிட்டார். அடுத்த மாதம் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. கொஞ்ச நாளில் கர்னல் மன்றோ ரெசிடென்டாகவும் திவானாகவும் இரண்டு நாற்காலியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார். ஆலோசனை சொல்கிறவரும் அதைக் கேட்டு உத்தரவு போடுகிறவரும் ஒரே ஆள். அந்நியச் செல்வாக்கு எப்படிப் படிப்படியாக ஏறும் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, மண். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர். அதிலிருந்து எடுக்கும் தோரியம் அப்போது கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. முதல் உலகப்போர் மூண்டதும் அந்தத் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அணுகுண்டு வந்த பிறகு அதே மண்ணின் மதிப்பே வேறு. 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்தபோது, அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் மோனசைட்டும் இருந்தது; பிரிட்டனுக்கு அதன் மேல் கண் இருந்தது. நாம் கால் புதைய நடக்கும் கடற்கரை மண்ணை வைத்து லண்டனும் திருவனந்தபுரமும் டெல்லியும் பேரம் பேசியிருக்கின்றன. கதைக்களம் இல்லை என்று குமரிக்காரர் யாரும் சொல்லக் கூடாது.

அந்நியச் செல்வாக்கு என்றால் உளவாளிதானே?

உளவாளி வரட்டும், தப்பில்லை. ஆனால் இப்போது அது பெரும்பாலும் காகிதமாக வருகிறது. ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை, டெண்டர் நிபந்தனையில் கடைசி நேரத்தில் சேரும் ஒரு வரி, குடும்பத்தோடு ஒரு வெளிநாட்டுப் பயணம், ஓய்வு பெற்ற மறு வருஷமே கிடைக்கும் இயக்குநர் பதவி, மகனுக்கு அங்கே படிக்க ஓர் உதவித்தொகை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது. ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கிறவர்தான் உங்கள் பத்திரிகையாளர்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வெளிநாடுகள் வெளிப்படையாகவே அழுத்தம் கொடுப்பதுண்டு. 2010-ல் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியபோது, உலையில் கோளாறு இருந்தால் சப்ளை செய்த நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்கலாம் என்று 17-ஆம் பிரிவில் இடம் இருந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அதை விரும்பவில்லை. வருஷக்கணக்காகப் பேச்சு நடந்தது. கடைசியில் 2015-ல் 1,500 கோடி ரூபாய்க்கு ஒரு காப்பீட்டுத் தொகுப்பை நம் நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களே சேர்ந்து உருவாக்கின. இதில் ரகசியக் கூட்டம் எதுவும் இல்லை, எல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். கூடங்குளம் பக்கத்திலேயே இருந்தும் நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்துப் படித்தோம்?

வெளிநாட்டுப் பணம் கட்சிக்கோ அதிகாரிக்கோ எந்த வழியில் வரும்? சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பல கதைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

எஃப்சிஆர்ஏ என்று எல்லோரும் சொல்லும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976-ல், எமர்ஜென்சி காலத்தில் வந்தது. இப்போதிருப்பது 2010 சட்டம். அதன்படி கட்சிகளும் வேட்பாளர்களும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் நீதிபதிகளும் அரசு ஊழியர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், பத்தியாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர், உரிமையாளர் ஆகியோரும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் கதாநாயகர் எந்தச் சட்டத்தை வைத்து மந்திரியைத் துரத்துகிறாரோ அதே சட்டம் அவர் மேலும் பாயும். வெளிநாட்டு அமைப்பு ஒன்று நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் நிதியை அவர் வாங்கினாலும், மறுநாள் அதுவே அவருக்கு எதிரான ஆயுதம். மந்திரியோ அதிகாரியோ வெளிநாட்டுக்குப் போய் அந்நிய விருந்தோம்பலை ஏற்பதற்கும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். எனவே விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர் யார் என்ற சின்னக் கேள்வியே ஓர் அத்தியாயத்தைத் தாங்கும்.

2020 திருத்தம் தொண்டு நிறுவனங்கள் மேலிருந்த பிடியை இறுக்கியது. வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லி பாராளுமன்ற வீதியில் உள்ள ஸ்டேட் பேங்க் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. கடலோரக் கிராமத்தில் தையல் வகுப்பு நடத்தும் சின்ன அமைப்புகூட டெல்லியில் கணக்கு வைத்துக்கொண்டுதான் அந்தப் பணத்தைத் தொட முடியும்.

கட்சிகளுக்கு நடந்தது நேர் எதிர். 2014 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் காங்கிரஸ், பாஜக இரண்டுமே பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு குழுமத்தின் நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கி இந்தச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. 2016-ல் நிதிச் சட்டத்தின் வழியாக ‘வெளிநாட்டு மூலம்’ என்பதற்கான வரையறையையே மாற்றினார்கள். 2018-ல் அந்த மாற்றம் 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய நன்கொடையும் ஒரே வரியில் சுத்தமாகிவிட்டது. பட்ஜெட் விவாதச் சத்தத்துக்கு நடுவே, இரண்டு கட்சிகளுக்கும் வசதியாக நடந்து முடிந்த வேலை இது. என் கணிப்பில் நம் காலத்தின் மிகப் பெரிய த்ரில்லர் காட்சி இதுதான். ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை.

2017-ல், கட்சிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் நன்கொடை அதன் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றிருந்த வரம்பை எடுத்தார்கள். 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாது. உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அதை ரத்து செய்தது. மார்ச்சில் பட்டியல் வெளியானது. உங்கள் கதை 2018-க்கும் 2024-க்கும் நடுவில் நடந்தால் நிருபர் இருட்டில் தடவித்தான் ஆக வேண்டும். 2024-க்குப் பிறகு நடந்தால் அவர் கையில் பட்டியல் இருக்கும். எந்த வருஷம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கதாநாயகர் சென்னையிலிருந்து வரும் பெரிய பத்திரிகையாளரா, உள்ளூர் நிருபரா?

உள்ளூர் நிருபர். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தாலுகா அளவில் செய்தி கொடுப்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்குக் கணக்குப் பார்த்து ஒரு தொகை வரும், பெட்ரோலுக்குக்கூடக் காணாது. பண்டிகைக்கும் ஆண்டு மலருக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த விளம்பரத்தைத் தருகிறவர்கள் யார்? குவாரி முதலாளி, கல்லூரித் தாளாளர், ஆஸ்பத்திரிக்காரர், கட்சியின் ஒன்றியச் செயலாளர். நாளைக்கு யாரைப் பற்றி எழுத வேண்டியிருக்குமோ அவரிடம் இன்றைக்குக் கால் பக்க விளம்பரத்துக்காகப் போய் நிற்கிறார். இந்த நெருக்கடியைச் சொல்லாமல் நேர்மையான நிருபர் என்று எழுதினால் அந்த நேர்மைக்கு எடை இருக்காது. பிரஸ் மீட் முடிந்து எல்லோர் கையிலும் கவர் திணிக்கும்போது தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கிறவர், அன்று மாலை வீட்டில் என்ன சொல்லிச் சமாளிக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

பெண் நிருபராக இருந்தால் இன்னொரு அடுக்கு சேரும். கடலோரப் பெண்கள் ஆண் நிருபரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வார்கள். மீன் ஏலமும் சுய உதவிக் குழுக் கடனும் வீட்டுப் பத்திரமும் பெண்கள் கையில் புழங்குபவை. எந்தக் கிராமத்தில் யாருடைய நிலத்துக்கு யார் ஆள் விட்டு விலை பேசுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவர் கையில் வெளிநாட்டு விவகார ஆவணம் எப்படிக் கிடைக்கும்?

‘மர்ம நபர் பென் டிரைவ் கொடுத்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் இருந்தபடி சட்டப்படி எடுக்கக்கூடியவையே நிறைய இருக்கின்றன.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் ஒரு சர்வே எண் யார் யார் கைமாறி வந்திருக்கிறது என்று தெரியும். பதிவுத்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். துறைமுகமோ சுரங்கமோ வரப்போகிறது என்ற அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே அந்தப் பக்கத்து நிலங்களை ஒரே கம்பெனி வாங்கியிருந்தால் அங்கே கதை தொடங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் பங்குதாரர் யார், இயக்குநர் யார் என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். அந்த இயக்குநர் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதும் தெரியவரும். வேட்பாளரின் சொத்து விவரம் தேர்தல் ஆணையத்தில் இருக்கிறது. மக்களவைக் கேள்வி பதில் எல்லாம் இணையத்தில் உண்டு. பெரிய திட்டம் என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். அதற்கு முன்னால் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வைக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தயாரித்தது யார் என்பது அதன் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.

அந்தக் கதவும் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கிள்ளியூர் வட்டாரத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கடலோர மக்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தது. ஊர் கூடிப் பேசும் ஒரே கூட்டம் ஒரு குறிப்பாணையில் இல்லாமல் போவதைப் படிக்கும் நிருபரின் முகத்தை எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்துவிடுவார்களா?

மாநில அரசு அலுவலகம் என்றால் மனுவோடு 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம். வெளிநாட்டு விவகாரம் என்றதும் 8(1)-ஆம் பிரிவின் விலக்குகளைத் தூக்குவார்கள்: வெளிநாட்டு உறவைப் பாதிக்கும், வணிக ரகசியம், அந்நிய அரசு நம்பிக்கையோடு கொடுத்த தகவல். ஆனால் பொதுநலன் பெரிதென்றால் விலக்கை மீறியும் கொடுக்கலாம் என்று 8(2) சொல்கிறது. அனுபவமுள்ள நிருபர் ஒரே மனுவில் எல்லாம் கேட்க மாட்டார். ஒப்பந்தத்தைக் கேட்டால் மறுப்பார்கள். வெளிநாட்டுக் குழு வந்த அன்று அரசு விருந்தினர் மாளிகை அறைப் பதிவேட்டையும் வாடகைக் கார் பில்லையும் வேறு வேறு அலுவலகங்களில் கேட்டால், எங்காவது ஒரு குமாஸ்தா தன் கடமையைச் செய்துவிடுவார். கதையில் அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு பெயரும் குடும்பமும் கொடுங்கள்.

தகவல் கொடுத்தவரைக் காப்பாற்றுவது எப்படி? சட்டப் பாதுகாப்பு உண்டா?

முழுப் பாதுகாப்பு இல்லை. 1978-ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு, கவுன்சில் விசாரணையில் செய்தியின் மூலத்தைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது என்கிறது. கோர்ட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அது கேடயமாகாது.

போஃபர்ஸ் விவகாரத்தை இதற்காகவே படிக்க வேண்டும். 1986 மார்ச்சில் அந்த ஸ்வீடன் நிறுவனத்தோடு இந்தியா பீரங்கி ஒப்பந்தம் போட்டது. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி லஞ்சச் செய்தியை உடைத்தது. ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்ரமணியம் ஆவணங்களைத் தேடி எடுத்தார், சென்னையிலிருந்து வெளிவரும் இந்து நாளிதழ் வெளியிட்டது. அந்த ஆவணங்களைத் தந்தவர் ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012-ல், அவரே சொன்ன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதுவரை கால் நூற்றாண்டு ஒரு பெயர் வெளியே வரவில்லை. அரசாங்கம் மாறியது, வழக்குகள் வந்தன, போயின. இந்தக் கட்டுப்பாட்டை உங்கள் நிருபருக்குக் கொடுங்கள். மேலிடத்திலிருந்து, வீட்டிலிருந்து, கூட வேலை செய்கிறவர்களிடமிருந்து வரும் கேள்விகளுக்கு நடுவே ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு பெரிய பாரம்! கதையின் உயிர் அங்கே இருக்கிறது.

இந்தக் காலத்துக் கதை என்றால் போன் ஆபத்து. 2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்தது; இஸ்ரேலிய நிறுவனத்தின் உளவு மென்பொருள் அது. உச்சநீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு தனக்குக் கிடைத்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருப்பதைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் உங்கள் நிருபர் போனை வீட்டில் வைத்துவிட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு கூட்டமாகத் தேங்காய்ப்பட்டணம் பஸ் ஏறுவதில் அர்த்தம் இருக்கிறது.

நிருபர் மேல் என்ன வழக்கு பாயும்?

அதிகம் வருவது அவதூறு வழக்கு, பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவு. பெரிதாகப் பயமுறுத்த 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. அந்நியச் செல்வாக்கை அம்பலப்படுத்துகிறவர் மேலேயே அதைப் போடலாம் என்ற நிலைமை உங்கள் கதைக்குத் தானாகவே வந்து சேரும். ஆனால் பல நேரங்களில் வழக்கே தேவைப்படாது. விளம்பரம் நிற்கும், பத்திரிகை டெஸ்க்கில் செய்தி வெளியாகாமல் நின்றுபோகும், அடையாள அட்டை புதுப்பிக்கப்படாது.

மீனவக் கிராமத்துப் பாதிரியாரோ தொண்டு நிறுவனமோ வெளிநாட்டுக் கைக்கூலி என்று கடைசியில் தெரிய வருவதாக முடிக்கலாமா? நல்ல திருப்பமாக இருக்குமே?

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

2011 கடைசியில் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரையில் போராட்டம் பெருகியது. இடம் நெல்லை மாவட்டம். ஆனால் நம் கடலோரமும் சேர்ந்தே நின்றது. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு அமைப்புகள் இருப்பதாகச் சொன்னார். அதே மாதக் கடைசியில் நாகர்கோவில் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். தொண்டு நிறுவனங்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மக்கள் மேல் தேசத்துரோகப் பிரிவில் வழக்கு. மீன் விற்று வந்த பணத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்களிடம் டாலர் எங்கே என்று கேட்டார்கள். அந்த உலையோ 1988-ல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. ஒரு வெளிநாட்டின் தொழில்நுட்பம், ஒரு வெளிநாட்டின் கடன், ஒரு வெளிநாட்டின் நிபுணர்கள். அதைக் கேள்வி கேட்டவர்கள்தான் அந்நியக் கை ஆனார்கள்.

அணுஉலை வேண்டும் என்று நினைப்பவராக நீங்கள் இருக்கலாம், அது வேறு விவாதம். என் கவலை ஒன்றுதான். அந்நியச் செல்வாக்கு என்ற குற்றச்சாட்டு முதலில் விழுவது பலமில்லாதவன் மேல். உண்மையான செல்வாக்கு கோட்டும் சூட்டுமாக முன்வாசல் வழியே, சால்வை போர்த்திய வரவேற்போடு வரும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்த நாவலே இந்த மாவட்டத்துக்குத் தேவை. நிருபர் மனதிலேயே ஒரு தடுமாற்றம் வரட்டும். தொண்டு நிறுவனக் கணக்கைத் துருவிப் பார்க்கட்டும். தவறு இருந்தால் எழுதட்டும். ஆனால் ஒரு மதத்தையோ ஒரு கடற்கரையையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் திருப்பம் வெளியில் எத்தனை வீட்டுக் கதவில் கல்லாக விழும் என்பதை 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தைக் கண்ட மாவட்டத்துக்காரர் யோசிக்காமல் இருக்க முடியாது.

நம் மாவட்டத்து ஆளுக்கும் வெளிநாட்டு அரசுக்கும் நேரடியாக முட்டிய சம்பவம் உண்டா?

உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த படகை நோக்கி இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள் சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் நம் மாவட்டத்து இளைஞர். அதன் பிறகு ஒன்பது வருஷம் என்ன நடந்தது என்று பாருங்கள். வாக்களிக்கப் போகிறோம் என்று அனுமதி வாங்கி ஊருக்குப் போன வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று 2013 மார்ச்சில் இத்தாலி சொன்னது. உச்சநீதிமன்றம் இத்தாலியத் தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று தடுத்ததும் திருப்பி அனுப்பினார்கள். மரண தண்டனைக்கு இடமுள்ள கடல் பாதுகாப்புச் சட்டப் பிரிவுகள் 2014-ல் கைவிடப்பட்டன. 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம், வீரர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை, இழப்பீடு கிடைக்கும் என்றது. 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. இந்தியாவில் விசாரணை முடிந்து ஒரு தீர்ப்பு வரவேயில்லை.

இதை அப்படியே எழுதச் சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது. தூதரகம், வெளியுறவுத்துறை, உள்துறை, மாநில போலீஸ், ஐரோப்பிய நாடாளுமன்றம் எல்லாம் ஒரு படகின் மேல் எப்படிச் சுற்றின என்ற வரிசையைப் படித்தால், அழுத்தம் எந்தெந்தப் படியில் இறங்கி வருகிறது என்று கை பழகும். நம் தூத்தூர் மீனவர்கள் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் டீகோ கார்சியா தீவு வரை போய்ப் பிரிட்டிஷார் கையில் பிடிபட்டு வந்தவர்கள். எந்தக் கொடி போட்ட கப்பல் எங்கே நிற்கிறது என்று டெல்லி மேசைக்கு வருமுன் அவர்கள் வாய்வழி தெரிந்துவிடும். நிருபருக்கு இப்படி ஒரு ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவர், நண்பராக இருந்தால் நல்லது.

வில்லன் எந்த நாடு?

கற்பனை நாடு வைத்தால் வாசகர் நம்ப மாட்டார். உண்மையான நாட்டை வைத்தால் ஆதாரம் கேட்பார். என் வழி: நாட்டைச் சொல்லுங்கள், ஆனால் எதிரே நிற்பது அதன் நிறுவனமாகவும், அதற்குக் கதவு திறந்துவிடும் நம் ஆளாகவும் இருக்கட்டும். ஒரே ஒரு நாட்டை மட்டும் சந்தேகிப்பதும் சரியல்ல. பக்கத்து இலங்கை 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்ததைப் பார்க்கும் நம்மவர்கள், மற்ற நாட்டு முதலீடு என்றால் பூமாலையோடு நிற்கிறார்கள். நிருபருக்கு எல்லாக் கொடியும் ஒன்றுதான்.

உண்மையான அதிகாரி, கம்பெனி பெயரைப் போடலாமா?

கூடாது. வரலாற்றில் பதிவான நிகழ்வுகள் பின்னணியில் வரலாம். குற்றம் சாட்டப்படுகிறவர் முழுக்க உங்கள் கற்பனையாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயர், பதவி, வருஷம் மூன்றும் சேர்ந்து ஒரு நிஜ மனிதரைக் காட்டிக்கொடுத்தால் ஒன்றை மாற்றுங்கள்.

பேச்சு வழக்கு எவ்வளவு வேண்டும்?

உரையாடலில் வேண்டும், அளவோடு. அகஸ்தீஸ்வரத்தில் பேசுவது போல விளவங்கோட்டில் பேசுவதில்லை. கடற்கரைப் பேச்சு இன்னொன்று. காது கொடுத்துக் கேட்டு எழுதுங்கள். ஒரு கிழவி, ‘எலே மக்கா, எங்க கடலப் பத்தி எங்களுக்குத் தெரியாத எதையாம் அவனுவ காயிதத்துல எழுதிருக்கானுவ?’ என்று கேட்டால் போதும், பத்துப் பக்க விளக்கம் மிச்சம். கலெக்டர் அலுவலகத்தில் நிருபர் ‘சார்’ என்பார். மார்த்தாண்டத்துக் கடைக்காரர் நிருபரை ‘சாரே’ என்பார். இந்த வித்தியாசங்களே ஆள் யார் என்று சொல்லிவிடும்.

துரத்தல், அடிதடி?

ஒன்று போதும். இரவில் மார்த்தாண்டம் வழியாகக் கேரளாவுக்குப் போகும் கல் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் ஒருவர் வீடு திரும்புவதை எழுதினாலே நெஞ்சு படபடக்கும்.

முடிவில் நிருபர் ஜெயிக்க வேண்டுமா?

செய்தி வெளியாக வேண்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் நேர்மை வேண்டும். மந்திரி ராஜினாமா, வில்லன் கைது என்று முடிப்பதற்கு நம் அனுபவத்தில் ஆதாரம் குறைவு. கடற்கரை மணல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் தமிழக அரசு தென் மாவட்டங்களில் தாது மணல் எடுக்கத் தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது 2025 பிப்ரவரியில். நடுவில் எத்தனை கலெக்டர்கள், எத்தனை தேர்தல்கள்! அந்த நீளத்தை வாசகர் உணரும்படி ஒரு முடிவு எழுதினால் அதுவே பெரிய வெற்றி.

சரி, முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஏதாவது ஒரு திட்டத்தின் பெயர் அடிபடும் இடத்தில் ஒரு சர்வே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கு நடந்தே போய், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் வலை பின்னுகிறவர்களிடமும் பேசுங்கள். சான்றில் இருக்கும் பெயர்களில் எத்தனை பேரை அவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஊரில் யாருமே பார்த்திராத ஒருவர் பெயர் அதில் வந்தால், அவரை முழுக்க வேறு ஆளாக மாற்றி, அவரிலிருந்து முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.